ஒன்றுக்கு மட்டும் கரடி

ஏழாம் வகுப்புக்குப் போகும் முன் கணினி வாத்தியார் மூன்று தடவை கழிப்பறைக்குப் போய்வந்தார். வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஆசிரியர் அறையில் நாற்காலியின் நுனியில் உட்காருவார், எழுந்திருப்பார், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பார், திரும்ப வைப்பார். பக்கத்து மேசைக் கணக்கு டீச்சர், நாற்காலியில் ஆணி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு விடைத்தாளுக்குத் திரும்பிவிட்டார்.

ஆணி இருந்தது. நாற்காலியில் இல்லை.

வாத்தியாரின் அக்கா நான்கு மாதமாக வேறொரு ஊரில் மருத்துவமனையில் கிடந்தாள். புற்றுநோய். அக்காவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆள் சிறிசு, காரம் பெரிசு என்பதால் வீட்டில் மிளகு. மிளகுக்குச் சொல்லப்பட்ட கதை வேறு. அம்மா ஆபீஸ் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், போன் கேமரா உடைந்துவிட்டது, அந்த ஊரில் சிக்னல் சரியில்லை. மிளகின் அப்பா பிறந்தநாளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற ரகம், அதுவும் ஒருநாள் தள்ளி. ஆகவே அவள் மாமாவின் வீட்டில் இருந்தாள், மாமாவின் பள்ளியிலேயே படித்தாள். வீட்டில் 'மாமா', பள்ளியில் 'சார்'. இந்த விதியைப் போட்டவள் அவள்தான். ஒருநாளும் மீறியதில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது அக்கா தம்பியை வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்: "சொல்றதா இருந்தா நான் வந்து என் வாயால சொல்லுவேன். நீ நடுவுல உளறினேன்னு வை, எனக்குத் தம்பியே கிடையாது."

வருகிற சனிக்கிழமை அவள் வருகிறாள், தலையில் ஒரு முடிகூட இல்லாமல். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும். ஆனால் மருந்தின் வேகத்தில் வாயெல்லாம் புண்ணாகி, பத்து நாளாக அவளால் பேச முடியவில்லை. தம்பிக்கு மட்டும் எப்போதாவது ஒரு வரி எழுதி அனுப்புவாள், படித்ததும் அவர் அழித்துவிடுவார். மிளகிடம் வாத்தியார் சிக்னல் கதையை இழுத்து இழுத்து நீட்டினார். அது ரப்பர் மாதிரி மெலிந்துகொண்டே வந்தது. நான்கைந்து நாளாக அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் அவரை உட்காரவிடாமல் செய்தது.

கணினி தெரிந்தவர் என்பதால் கணினி வழியில்தான் மறைத்தார். வீட்டில் மிளகு கையில் வைத்திருக்கும் டேப் கணினியில் சிறுவர் பாதுகாப்பு வசதி இருந்தது. எந்தச் சொல்லைப் போட்டாலும் அந்தச் சொல் வரும் பக்கங்கள் திறக்காது. நோயின் பெயர், மருத்துவமனையின் பெயர், மருந்துகளின் பெயர் எல்லாவற்றையும் போட்டார். தடுத்த பக்கத்துக்குப் பதிலாக ஒரு கரடிப் பொம்மை வந்து கையாட்டும். 'அச்சச்சோ, இது உனக்கான பக்கம் இல்லை' என்று கீழே எழுதியிருக்கும். தன் போனையும் அவள் எடுத்து நோண்டுவாள் என்பதால், தனக்குத் தேட வேண்டியதையெல்லாம் பள்ளி ஆய்வகத்தில், வகுப்புகள் முடிந்த பிறகு தேடினார். பிழைப்பவர்கள் எத்தனை பேர், வாய்ப்புண்ணுக்கு எதைக் கொடுக்கலாம், கடைசி ஒரு வாரமாகத் தொப்பி. அக்கா செயற்கை முடி வேண்டாம் என்றுவிட்டாள், தொப்பி வாங்கி வை என்றாள். பார்த்துப் பார்த்து ஒன்றும் பிடிக்கவில்லை. நேற்று மாலைகூடப் பார்த்துவிட்டு வாங்காமல்தான் போனார்.

இன்றைய பாடம் அவரே கேட்டு வாங்கியது. ஒரே சொல்லைத் தேடினாலும் ஆளுக்கு ஆள் வேறு வேறு பதில் ஏன் வருகிறது என்பது பாடம். புத்தகத்தில் அரைப் பக்கம். புத்தகத்தை வாசித்தால் பிள்ளைகள் தூங்கிவிடும். எல்லாரும் அவரவர் இணையக் கணக்கில் நுழைந்து ஒரே சொல்லை ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும், பிறகு பக்கத்துத் திரையை எட்டிப் பார்க்க வேண்டும். இதற்காக ஆய்வக உதவியாளரிடம் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார். அந்த ஆளுக்கு வயர் என்று பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு கம்பிச் சுருள் தொங்கும், எதற்கென்று யாருக்கும் தெரியாது.

ஆய்வகம் சத்தமாக இருந்தது. குளிர்சாதனம் இரைந்தது, நாற்காலிகள் கிரீச்சிட்டன. மிளகு நடுவரிசையில், பதினாலாம் எண் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் வரிசைகளுக்கு இடையில் நடந்துகொண்டே பாடத்தைத் தொடங்கினார். தெருமுனைக் கடைக்காரரைச் சொன்னார். நீ போனால் கேட்கும் முன்பே பென்சிலை எடுத்து வைப்பார், உன் அப்பா போனால் பிளேடு. இரண்டு பேருக்கும் அது நல்ல கடைதான். ஆனால் உள்ளே இன்னும் நூறு சாமான் இருக்கிறது, அதை உனக்கு யாரும் எடுத்துக் காட்டவில்லை, நீயும் இல்லையென்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய். தேடும் இயந்திரமும் அந்தக் கடைக்காரர்தான். நீ முன்பு எதைக் கேட்டாய், எதை உற்றுப் பார்த்தாய் என்று அதற்கு ஞாபகம் இருக்கும்.

"அப்ப நான் கேம் மட்டும் பாத்தா எனக்கு கேமாவே வருமா சார்?" என்று முன்வரிசையில் ஒருவன் கேட்டான். வகுப்பே அவனை ஓட்டைவாய் என்றுதான் கூப்பிடும்.

"உனக்கு வேற என்ன வரும்?"

சிரித்தார்கள். வாத்தியார் ஒரு சொல் சொல்லுங்கள் என்றார். தானே சொன்னால் ஏற்பாடு செய்தது என்பார்கள். அந்த நேரம் பார்த்து விளையாட்டு வாத்தியார் விசிலை ஆட்டிக்கொண்டு ஜன்னலைக் கடந்து போனார், தலையில் சிவப்புத் தொப்பி.

"தொப்பி சார்," என்றான் ஓட்டைவாய்.

வாத்தியாருக்கு ஒரு கணம் சுருக்கென்றது. பிறகு சமாளித்துக்கொண்டார். அவரவர் கணக்கில் அவரவர் தொப்பி. இவனுக்குக் கிரிக்கெட், அவளுக்கு வெயில், தன் கணக்குக்கு இங்கே என்ன வேலை. அடிக்கச் சொன்னார். முப்பது விசைப்பலகைகள் சடசடத்தன.

"சார், எல்லாருக்கும் ஒண்ணுதான் வருது," என்றாள் ஒருத்தி.

நிமிர்ந்து பார்த்தார். முப்பது திரையிலும் ஒரே படம். மெல்லிய துணியில் காதுவரை இறங்கும் தொப்பிகள். தலையில் முடியில்லாத பெண்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். மேலே தடித்த எழுத்தில், சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, உறுத்தாத தையல். திரையின் கீழ்மூலையில் சின்ன எழுத்தில், நேற்று நீங்கள் பார்த்தவை.

கதவோரம் நின்ற வயரைப் பார்த்தார். வயர் பெருமையாகத் தலையை ஆட்டினார். பிற்பாடு கேட்டபோது, முப்பது பேர் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினால் பாதி வகுப்பு அதிலேயே போய்விடும், அதனால் பாஸ்வேர்டு தெரிந்த சாருடைய கணக்கையே எல்லா இயந்திரத்திலும் போட்டுவிட்டேன், வேலை சுலபமாகிவிட்டது என்றார்.

வாத்தியார் விறுவிறுவென்று சுவரோரம் போய் இணையப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். வகுப்பு உச்சுக்கொட்டியது. பிடுங்கி என்ன பயன், படம் அப்படியே நின்றது, திரை மட்டும் உறைந்துபோனது. மிளகு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரோட கணக்கு சார் இது?"

"என்னுது."

"உங்களுக்கு எதுக்கு சார் தொப்பி?" என்றான் ஓட்டைவாய், அவருடைய முன்னந்தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு. அங்கே வெளிச்சம் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாத்தியாரும் தலையைத் தடவிக்கொண்டு, ஆமாம், இருக்கிறது போவதற்குள் வாங்கிவைக்கலாம் என்று பார்த்தேன் என்றார். அந்தச் சிரிப்பில் தப்பித்துவிடலாம் என்று தோன்றியது. அவசர அவசரமாக அடுத்த பகுதிக்குத் தாவினார். இன்று ஒரு விபத்து நடந்ததால் ஓர் ஆளின் உலகத்தை முப்பது பேர் பார்த்தீர்கள். வீட்டில் அப்படி நடக்காது. உங்களுக்கு என்று வடிகட்டியதுதான் உங்களுக்கு வரும். வடிகட்டியில் நின்றுவிட்டது உங்கள் கண்ணில் படாது. கண்ணில் படாதது இருக்கிறதென்றே உங்களுக்குத் தெரியாது.

மிளகு கையைத் தூக்கினாள். அவர் வேறு யாராவது தூக்குகிறார்களா என்று பார்த்தார். யாரும் தூக்கவில்லை.

"தெரியும் சார்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"மறைச்சா, மறைச்சது தெரியும். ஒரு பொண்ணு வீட்ல ஒரு அட்டை மாத்திரை கிடைச்சுது. அலமாரிக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சு. என்ன மாத்திரைன்னு டேப்ல போட்டுப் பாத்தா கரடி வந்துச்சு. சரி, மாத்திரைன்னாலே கரடிதான் போலன்னு காய்ச்சல் மாத்திரை போட்டா, தொறந்துச்சு. தலைவலி மாத்திரையும் தொறந்துச்சு. அப்புறம் அவ எல்லா நோயும் ஒவ்வொண்ணா போட்டா. எல்லாம் தொறந்துச்சு சார். ஒண்ணுக்கு மட்டும் கரடி."

பிள்ளைகளுக்குக் கரடி பிடித்திருந்தது. என்ன கரடி, கடிக்குமா என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். ஓட்டைவாய் கரடி மாதிரி கையாட்டிக் காட்டினான். வாத்தியார் நடப்பதை நிறுத்தியிருந்தார்.

"அந்தப் பொண்ணு யாரையாவது கேட்டிருக்கலாமே," என்றார். 

"கேட்டா இன்னொரு கரடிதான் சார் வரும்."

நல்ல கேள்வி என்றார், அடுத்த வகுப்பில் பேசலாம் என்றார், வீட்டுப்பாடம் எதையோ சொன்னார். மணி அடிக்கும்வரை நேரம் நகர மறுத்தது. அடித்ததும் பிள்ளைகள் மந்தைபோல வெளியேறினார்கள். மிளகு எழுந்திருக்கவில்லை. அடுத்த வகுப்பு வெளியே முண்டியடித்துக்கொண்டு நின்றது. வயரைக் கதவை மூடச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்து நாற்காலியில் பாதி உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒரு மாசம் இருக்கும்." பிறகு, பள்ளிக்குள்ளே முதல் தடவையாக, "மாமா," என்றாள். "ஓட்டைவாய் வீட்டு கம்ப்யூட்டர்ல படிச்சேன். அங்க கரடி கிடையாது."

என்ன படித்தாள் என்று அவர் கேட்கவில்லை. அவரும் அதைத்தான் படித்திருந்தார், இந்த அறையில், தனியாக. ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேரும் வேறு வேறு இடத்துக்குப் போய் ஒரே பக்கத்தைப் படித்திருக்கிறார்கள். அம்மாவே சனிக்கிழமை வந்து சொல்வதாக இருந்தாள், தன்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அவள் இடைமறித்தாள்.

"பத்து நாளா அம்மா பேசவே இல்ல. நீங்க சிக்னல் சிக்னல்னீங்க. செத்துட்டாங்கன்னு நினைச்சேன்."

அவர் கை சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போய் நின்றது.

"எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நீங்க சுத்திக்கிட்டு இருக்கீங்கன்னு நினைச்சேன். உக்காரவே மாட்டேங்கிறீங்கல்ல. இன்னிக்குத்தான்..." திரையின் கீழ்மூலையில் அந்தச் சின்ன எழுத்தின்மேல் விரலை வைத்தாள். "நேத்து பாத்ததுன்னு போட்டிருக்கு. செத்துப்போனவங்களுக்கு யாரும் தொப்பி தேட மாட்டாங்க."

அப்போதுகூட அவள் அழவில்லை. மூக்கை மட்டும் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். வாத்தியார் எழுந்து சுவரோரம் போனார், பிடுங்கிய ஒயரைத் திரும்பச் செருகினார், செருகியது சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் செய்ய அந்த அறையில் வேறு வேலை இல்லை.

"போனைக் குடுங்க," என்றாள் அவள் பின்னாலிருந்து.

"அம்மாவால பேச முடியாது. வாயெல்லாம் புண்ணு."

"பேச வேணாம். எடுத்தா போதும்."

அக்காவின் எச்சரிக்கை காதில் ஒலித்தது. தம்பியே கிடையாது என்றால் கிடையாதுதான், அவள் சொன்னால் செய்கிற ஆள். நான்கு மாதம் கட்டிக்காத்ததை மூன்று நாள் இருக்கும்போது உடைக்க வேண்டுமா என்று ஒருபக்கம் கணக்குப் போட்டார். காத்தது எதை என்று மறுபக்கம் கேள்வி வந்தது. ஒரு மாதமாக அந்த வீட்டில் எதுவுமே தெரியாமல் இருந்த ஒரே ஆள் அவர்தான். போனை எடுத்து, அக்காவின் பெயரைத் தொட்டார். குரல் அழைப்பை இல்லை, உடைந்துபோனதாக இத்தனை நாள் சொல்லப்பட்ட கேமராவை.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே மிளகு போனை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க வெளியில நில்லுங்க மாமா."

"நான் இருந்தா என்ன?"

"நீங்க இருந்தா அம்மா உங்களைத்தான் திட்டுவாங்க. அப்புறம் என்னைப் பாக்க மாட்டாங்க."

வெளியே வந்தார். கதவு மூடிக்கொண்டது. அதில் சின்னக் கண்ணாடிச் சதுரம் ஒன்று உண்டு. பிள்ளைகள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அவரே போன வருடம் அதன்மேல் காகிதம் ஒட்டியிருந்தார். நகத்தால் ஒரு மூலையைக் கிள்ளிப் பார்த்தார். நல்ல பசை.

அடுத்த வகுப்பு வராந்தாவில் இரைந்துகொண்டிருந்தது. வயர் கம்பிச் சுருளைத் திருகியபடி பக்கத்தில் வந்து நின்றார். நடந்தது என்னவென்று அவருக்குப் புரியவில்லை, ஆனால் தன் தலை உருளப்போகிறது என்பது மட்டும் புரிந்திருந்தது. இப்போதே போய் எல்லா இயந்திரத்திலும் சாருடைய கணக்கை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

"இருங்க."

"அஞ்சு நிமிஷ வேலை சார்."

"பதினாலாம் நம்பரை மட்டும் தொடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

காதைக் கதவோடு ஒட்டினார். வகுப்பு இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து வாயைப் பொத்தும்படி சைகை காட்டினார். சார் ஒட்டுக்கேட்கிறார் என்று தெரிந்ததும் அவர்கள் இன்னும் சந்தோஷமாக இரைந்தார்கள். இந்தக் காலில் நின்றார், அந்தக் காலில் நின்றார். ஒரு நேரம் உள்ளே சிரிப்பு மாதிரி கேட்டது. அழுகையாகவும் இருக்கலாம். கதவு மரத்தின் வழியே வந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பிறகு மிளகின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. எதிர்முனையிலிருந்து பதிலே வராத ஆளிடம் பேசுகிறவள்போல இடைவெளி விட்டு விட்டு, சற்று அதட்டலாக:

"இது வேணாம்மா, நடுவுல தையல் இருக்கு, உறுத்தும். மாமாவுக்கு ஒண்ணும் பாக்கத் தெரியல. இதோ, இது. வேணும்னா தலையை ஆட்டு."

வாத்தியார் காதை இன்னும் அழுத்தினார். அக்கா தலையை ஆட்டினாளா இல்லையா என்பது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.