மூடாத கோடு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, ஓர்ஸ் ஹில் மேட்டிலுள்ள அச்சகத்தில் ஒரு கோடு செப்புத் தகட்டைவிட்டு இறங்கி வாசலால் வெளியே போனது. சான்றிதழ்களின் ஓரத்தில் வரும் பின்னலுக்காக அருள்மலர் கைப்பிடி சுற்றி ஓட்டும் செதுக்கு இயந்திரத்தில் அதைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே கோடு, சுழியின்மேல் சுழியாக ஓடித் தொடங்கிய புள்ளிக்கே திரும்பும். கள்ளப் பிரதி எடுப்பவனுக்கு அகப்படாது. அது திரும்புமுன் ஊசியைத் தூக்கக்கூடாது. போன் அடித்தாலும் அவள் எடுப்பதில்லை. அன்று ஊசியைத் தூக்கினாள், போனை எடுத்தாள். கணவன் டொமினிக்கின் போட் குச்சவெளிக்கு அப்பால் காணாமற்போயிருந்தது.

அவள் திரும்பி வந்து கைப்பிடியைச் சுற்றினாள். ஊசி காற்றில் நிற்க, வெளியே கோடு நகர்ந்தது. தார் வீதியில் முடியளவு பள்ளம் பதித்துக்கொண்டு போனது. சீனன்குடாவில் காவலர் பாஸ் கேட்டனர். இல்லாததால் எண்ணெய்த் தாங்கிகளைத் தொடாமல் வேலியோரமாகச் சுழன்று கடலில் இறங்கியது. தண்ணீரிலும் பின்னல் அழியவில்லை. வலை சிக்குமென்று ஏசிய மீனவர்கள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டனர். நேவி தேடுவதை நிறுத்தியது. அவள் நிறுத்தவில்லை.

முதலாளி அபூதாஹிர் நானா மேசையருகே வந்து நின்றார்.

"தங்கச்சி, கோட்டை மூடித் தாங்க. ஓடர்காரன் வேற ஆளைப் பாக்கப் போறானாம்."

"ஏலாது, நானா. மூடினா அவர் எதால வாறது?"

"நேவியே கைவிட்டிட்டுது."

"நேவியிட்ட இந்தக் கைப்பிடி இல்லையே."

ஓடர் போனது. இரங்கல் பூசைக்கு நாள் குறிக்க வந்த பங்குத்தந்தை, தகட்டைப் பார்த்துவிட்டு, கோடு இன்னும் முடியவில்லைத்தான் என்று திரும்பிப் போனார்.

மாரி தொடங்கிய காலையில் கோடு நிலாவெளி வீதியால் திரும்பி வந்தது. பின்னால் போட் வந்தது, சுழிக்குச் சுழி சாய்ந்து, பஸ்ஸுக்கு வழிவிட்டு. அதன் அணியத்து முனையில் டொமினிக், தாடியும் எலும்புமாக, கை காட்டிக்கொண்டு நின்றான். கோயில் மணி அடித்தது. பள்ளிவாசலடியில் நின்றவர்கள் ஓட்டோக்களை ஒதுக்கினர். சனம் கூவியபடி ஏற்றத்தில் கூடவே ஓடியது.

போட்டின் மூக்கு அச்சகப் படியில் முட்டியது. கோடு மேசையேறித் தகட்டுக்குள் புகுந்து தன் முதல் புள்ளியைத் தொட்டது. மயிரளவும் பிசகில்லை. அப்போதுதான் அருள்மலர் கைப்பிடியை விட்டாள். விட்ட கையை டொமினிக் பிடித்துக்கொண்டான்.

அபூதாஹிர் மழையில் இறங்கி, போட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரி தங்கச்சி. இனி இதை ஆர் கீழ இறக்குறது?"