கட்டினது, கட்டாதது

சுனாமிக்கு அடுத்த வருடம் அனுமந்தை கிராமத்துக்குப் பாய், பக்கெட்டோடு நானூறு ஓவியப் புத்தகங்களும் நிவாரணமாக வந்து இறங்கின. எப்படி அடுக்குவது என்று பஞ்சாயத்துத் தலைவர் அப்பாதுரை கமிட்டி போட்டு, ஆறு மாதம் டீ குடித்தார். நாடு வாரியாகவா, நூற்றாண்டு வாரியாகவா என்று கமிட்டி இரண்டாக உடைந்தது. உப்பள வேலையை விட்டு நூலகத்தைப் பார்த்துக்கொள்ள வந்த மலர்கொடிக்குப் பொறுமை போய்விட்டது. படத்தில் இருப்பவர்கள் துணி கட்டியிருந்தால் ஒரு அலமாரி, கட்டாவிட்டால் இன்னொன்று என்று ஒரே காலையில் அடுக்கி முடித்தாள்.

"கலையையே கேவலப்படுத்திட்டியேம்மா!" என்று கூட்டத்தில் குதித்தார் அப்பாதுரை.

மறுநாள் தனியாக வந்தவர், "அந்த ரெண்டாவது அலமாரி எதும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்க கமிட்டி மொத்தமும் ஒத்துமையா நிக்குது பாருங்க, அதாங்க" என்றாள் மலர்கொடி.