அகற்றக் கூடாதவை

அரசுக் குடியிருப்பின் பராமரிப்பாளர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவருக்கென்று ஒதுக்கிய வீட்டில் அவர் மனைவி இன்னும் இருந்தாள். அன்று காலை, காலி செய்யச் சொல்லும் உத்தரவோடு அலுவலகக் கிளார்க் வாசலில் நெளிந்தான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. வேலைக்குக் கொடுத்த வீடு. அண்ணனே இல்லைங்கிறப்ப..."

"அது எனக்குத் தெரியாதா? போகச் சொல்றியே தம்பி, எங்க போறதுன்னும் அதுல எழுதியிருக்கா?"

அதற்குள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார் தலைமையகத்துப் பெண் ஆய்வாளர். குடியிருப்பின் பத்திரத்தில் ஒரு காப்பு விதி உண்டு. அதோடு இணைத்த பட்டியலில் உள்ள எதையும் தலைமையகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விற்கவோ அகற்றவோ கூடாது. எல்லாம் இருக்கிறதா என்று சில வருடங்களுக்கு ஒரு முறை யாராவது வந்து எண்ணிப் பார்ப்பார்கள்.

ஆய்வாளர் பென்சிலால் குறியிட்டபடி படித்தார். "கதவு ரெண்டு, இருக்கு. ஜன்னல் மூணு, இருக்கு. குழாய் ரெண்டு, இருக்கு. மனைவி ஒண்ணு..."

பென்சில் நின்றது.

கிளார்க் எட்டிப் பார்த்தான். அண்ணனின் கையெழுத்தேதான். 'இவ்வீட்டிலிருந்து அகற்றக் கூடாதவை எவை?' என்று படிவம் கேட்டிருந்தது. எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி எழுதுகிற மனிதர் எழுதிவிட்டார். கீழே மூன்று அதிகாரிகள் படிக்காமலே ஒப்பமிட்டு முத்திரை குத்தியிருந்தார்கள்.

"மேடம், தப்பா விழுந்திருக்கு. அடிச்சிடுங்க."

"பதிவான பத்திரத்துல நான் கை வைக்கவா? எனக்குப் பென்ஷன் வேணாமா?" என்றவர் அவளிடம் திரும்பினார். "மனைவி நீங்கதானே? நல்ல நிலையா, பழுதா?"

"முழங்கால் ரெண்டும் பழுது."

"பழுதுன்னா சரி பண்ணணும். அகற்றக் கூடாது."

"அப்ப இந்த உத்தரவு?" என்றான் கிளார்க்.

"அனுமதி கேட்டு எழுதுங்க. துருப்பிடிச்ச கம்பிக்கதவு ஒண்ணை எடுக்கக் கேட்டதே பதினோரு வருஷமா நிக்குது. வரிசைப்படிதான் வரும்."

கிளார்க் உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் திணித்தான். அவளைவிட அவன் முகத்தில்தான் நிம்மதி அதிகம்.

"அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்க" என்று அவள் வாங்கிப் பார்த்தாள். முப்பத்தொரு வருட வாழ்க்கையில் அவளிடம் வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர். 'குறிப்பு' என்ற கட்டத்தில், குழாய்க்கு நேரே 'ஒழுகுகிறது' என்றிருந்தது. அவளுக்கு நேரே, 'மாற்று கிடைக்காது.'

"பாவி மனுஷன்! என்கிட்ட சொல்லாம தலைமையகத்துக்குச் சொல்லியிருக்காரு பாருங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆய்வாளர் காட்டிய இடத்தில், பட்டியலில் உள்ளது இருக்கிறது என்று தானே கையெழுத்துப் போட்டாள்.