நகத்தில் ஏறிய சிவப்பு

நர்ஸ் மமதா மறுபடியும் வந்து பாஞ்சாலியின் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தபோது ஆதிகேசவனுக்குச் சிரிப்புதான் வந்தது. பழக்கடையில் காசு கொடுக்காமல் மாம்பழத்தை மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அப்படித்தான் இருந்தது. காலையிலிருந்து இந்தப் பெண்ணுக்கு இதே வேலை.

அவன் பெண்டாட்டி பாஞ்சாலி பெங்களூர் பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் தையல் மிஷின்காரி. குழாயடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். காலையில் ஆபரேஷன் செய்து தகடு வைத்திருந்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதில் தோளிலிருந்து விரல்வரை உணர்ச்சியே இல்லை. தலையணைமேல் தூக்கி வைத்திருந்த அந்தக் கையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் போல அவள் பார்த்தாள். "என் கையாட்டமே இல்லய்யா. திரும்ப மிஷின்ல உக்காருவனா?" என்று கேட்டாள். அதைக் கேட்டுத்தான் அவன் மதியம் அங்காளம்மன் கோயிலுக்கு ஓடி மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கி வந்தான். மணிக்கட்டில் பெரிய கட்டு இருந்ததால் அதற்கு மேலே, முழங்கைக்குக் கீழே கட்டினான். வயசெல்லாம் மார்க்கெட்டில் மூட்டை கட்டி ஏற்றிய கை. அவன் போடும் முடிச்சு, லாரி சேலம் போய்ச் சேர்ந்தாலும் தளராது. கை குளிருமே என்று மேலே துண்டையும் போர்த்திவிட்டான்.

மமதா சிரிக்கவில்லை. விரலை எடுத்த பிறகும் நகம் வெள்ளையாகவே இருந்தது.

"அக்கா, வலி இருக்கா?"

"ஒண்ணுமே தெரியலம்மா."

மமதா சட்டென்று துண்டை விலக்கினாள். வீங்கிய சதைக்குள் கயிறு பாதி புதைந்து கிடந்தது.

"யாரு இது கட்டினது?"

தெரியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஆதிகேசவனுக்குத் தோன்றியது. பாஞ்சாலி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சிஸ்டர். கை நல்லாவணும்னு..."

டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டே அவள் கத்தரிக்கோலின் மழுங்கிய முனையைக் கயிற்றுக்கு அடியில் நுழைத்தாள். "ஸ்வல்ப... கொஞ்சம் அசையாம புடிச்சுக்கோங்க அண்ணா." கயிறு அறுந்தது. மணிக்கட்டில் இருந்த கட்டையும் ஓரமாகத் தளர்த்தினாள். அறுந்த கயிறு தட்டில் விழுந்தது, முடிச்சு மட்டும் அவிழாமலே இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கையை அழித்துவிட்டேன் என்றே அவன் நினைத்தான். பிறகு நகத்தின் அடியில் மெல்லியதாக ஒரு சிவப்பு தெரிந்தது. ஓசையில்லாமல் ஏறி நகம் முழுக்கப் பரவியது. எத்தனையோ வருஷம் சோறு பிசைந்து போட்ட கை. அதற்குள் இப்படி ஒன்று சதா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, அவன் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. மேல் சிலிர்த்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

"ஊசி போட்டிருக்கில்ல, எவ்ளோ இறுக்கினாலும் அக்காவுக்குத் தெரியாது. அதுக்குத்தான் ரத்தம் ஓடுதான்னு நகத்தப் பாத்துட்டே இருக்கேன்" என்றாள் மமதா. டாக்டர் வந்து பார்த்தார். இப்போதைக்குப் பயமில்லை, விடாமல் கவனியுங்கள் என்று சொல்லிப் போனார்.

விளக்கு போடும் நேரத்தில் பாஞ்சாலி முனகினாள். "வலிக்குதுய்யா."

அவன் சந்தோஷத்தில் எழுந்தேவிட்டான். மமதாவிடம் சொல்லிவிட்டு வந்து, அவளைப் போலவே அந்த நகத்தை மெதுவாக அழுத்தினான். வெள்ளை. விட்டான். சிவப்பு. மறுபடி அழுத்தினான்.

"வுடுய்யா, இன்னா பழமா அது?"

அவன் விரலுக்கு அடியில் அந்தக் கட்டைவிரல் லேசாக, மிக லேசாக, அவனைத் தள்ளியது.