வேர் பிடித்த கை

இளஞ்செழியன் வெட்டிய அவன் அண்ணன் உடையப்பனின் வலது கை, விழுந்த இடத்திலேயே வேர் விட்டது. ஐஸில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்தவர்களால் அதைப் பிடுங்க முடியவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் வேலிக்கு வெட்டி நடும் கிளுவைப் போத்தும் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும் என்பதால், யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

அப்பா விட்டுப்போன நிலத்தில் பாதி, தேவாங்குகள் குடியிருந்த முள்காடு. உடையப்பன் அதை உழாமலே வைத்திருந்தார். சொந்த நிலத்தில் சிலர் மட்டும் ஏன் காட்டை விட்டுவைக்கிறார்கள் என்று ஆராய வந்த பானுப்ரியா கேட்டபோது, "அதுக எங்க போகும்மா?" என்றார். தம்பிக்கு அங்கே தென்னை வைக்க வேண்டும். ஜேசிபியோடு வந்தவன், "ஒதுங்குண்ணே, சொல்லிட்டேன்" என்றான். "என்னைய வெட்டிட்டு உள்ள போடா" என்று அவர் கையை நீட்டி மறித்தார். அரிவாள் முழங்கைக்குக் கீழே எலும்போடு இறங்கியது. தெறித்த ரத்தத்தில் ஜேசிபியின் கண்ணாடி சிவந்தது. ஓட்டுநர் இறங்கி ஓடிவிட்டார்.

முதல் மழைக்கு விரல் நுனிகளில் இலை வந்தது. வீட்டுக்குள் படுத்திருந்த உடையப்பனுக்கு, இல்லாத விரல்கள் நனைந்தன. ஜாமீனில் வந்த இளஞ்செழியன் காட்டில் முளைத்திருந்த அந்தக் கையையும் சீவ அரிவாளை ஓங்கியபோது, அது அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் இருந்த உடையப்பன் தம்பியின் நாடித்துடிப்பை உணர்ந்தார். இறுக்கினார். எலும்பு நொறுங்கும்வரை இறுக்கினார். காட்டிலிருந்து வந்த அலறல் டீக்கடைவரை கேட்டது. அதன்பிறகே விட்டார். விட்டதும், எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

மறுவருஷம் பக்கத்து நிலத்துச் சூசைமுத்துவும் தன் கரட்டுக் காட்டை உழாமல் விட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். பயந்துதான் விட்டீர்களா என்று பானுப்ரியா கேட்டாள். "பயமெல்லாம் இல்லம்மா. அவுக விட்டாக, நானும் விட்டேன். எல்லாரும் விடுறப்ப நாம மட்டும் வெட்டுனா நல்லாவா இருக்கும்?" என்றார் சூசைமுத்து. இளஞ்செழியன் கோணிப்போன மணிக்கட்டோடு மில் வேலைக்குப் போகிறான், அண்ணனோடு பேசுவதில்லை.

ஐப்பசியில் ஒரு தேவாங்கு வேர் பிடித்த அந்தக் கையின் உள்ளங்கையில் குட்டி போட்டது. குட்டி இறங்கிப் போகும்வரை உடையப்பன் யாரிடமும் கோபப்படவில்லை.