ஒரே அலைவரிசையில் இருவர்

சித்ரலேகாவின் போன் காலையிலிருந்து ஓயவில்லை. கல்லிடைக்குறிச்சியில் தன் வீட்டு மொட்டைமாடியில் டிஷ் வைத்து, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஒரு கிராமத்துக்கு வைஃபை கொடுப்பவள் அவள். அந்தக் கிராமத்துப் பெண் அனுராதா, வெளிநாட்டில் நடக்கும் பெண்கள் கபடி இறுதிப் போட்டியில் அன்று மாலை ஆடுகிறாள். கோயில் திடலில் பெரிய திரை கட்டி ஊரே பார்க்கக் காத்திருந்தது. சரிபார்க்கப் போட்ட பழைய ஆட்டமோ நகரவே மாட்டேன் என்றது.

ஸ்கூட்டரில் பாலம் தாண்டிப் போய், கிராமத்து நூலக மாடியில் ஏறினாள். சிக்னலை வாங்கும் அவளுடைய டிஷ்ஷுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் அருகே மடிக்கணினியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஆன்லின். மணப்பாட்டுக்காரி, ஒரு செல்போன் கம்பெனியில் இன்ஜினியர்.

"இத எப்ப வச்சிய?"

"நேத்துதான்க்கா. மலை மறைக்கிறதால இங்கன போனுக்குச் சிக்னலே இல்ல. சோதனைக்கு வச்சுப் பாக்குதோம்."

எந்த அலைவரிசை என்று சித்ரலேகா கேட்டாள். ஆன்லின் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதுலதான என் வைஃபையும் ஓடுது!"

"லைசென்ஸ் வேண்டாத அலைவரிசைல்லா அது? யாரு வேணும்னாலும் பயன்படுத்தலாம்."

"அந்த யாருல நானும் உண்டும்லா? பக்கத்துல நின்னு நீங்க கத்துனா, ஆத்துக்கு அந்தப் பக்கமிருந்து வார என் சத்தம் எப்படிக் கேக்கும்? இன்னைக்கு ஒருநாள் அணைச்சு வையுங்க."

படியேறி வந்த நீலாம்பாள் அதைக் கேட்டுப் பதறிவிட்டாள். அவள் அனுராதாவின் அம்மா. "ஏ தாயி, அணைச்சிராதிய! ஆட்டம் முடிஞ்சதும் எம்மவ வீடியோவுல கூப்பிடுதேன்னிருக்கா. நேத்துதான் எங்க வீட்டுக்குள்ள இருந்தே அவ மொகத்தப் பாத்தேன்."

 சித்ரலேகா ஸ்கூட்டர் சாவியைக் கீழே வைத்துவிட்டு ஆன்லினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தப் பெட்டி பேசுறதுக்கு முன்னாடி, வேற யாராவது பேசுதாகளான்னு கேக்கும்க்கா" என்றாள் ஆன்லின். "யாராவது பேசுனா சும்மா இருக்கும்."

"அப்ப என் சத்தம் கேக்கலையா?"

ஆன்லின் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஆற்றைத் தாண்டி வரும் சிக்னல் மெலிந்துதான் இருந்தது. அவ்வளவு மெல்லிய சத்தத்தைப் பெட்டி சத்தமாகவே எண்ணவில்லை. யாரும் பேசவில்லை என்று நினைத்து அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

"பெட்டியோட காதக் கொஞ்சம் கூர்மையாக்கணும்" என்று சொல்லி, ஆன்லின் மதுரையிலிருக்கும் மேலதிகாரியை அழைத்து அனுமதி வாங்கினாள். அமைப்பை மாற்றியதும் திடலில் திரையில் அந்தப் பழைய ஆட்டம் ஓடத் தொடங்கியது. சித்ரலேகா கைதட்டினாள்.

"எம்போனுல இப்ப வெறும் வட்டம்தான் சுத்துதும்மா" என்றாள் நீலாம்பாள், போனை நீட்டியபடி. பெட்டி இப்போது எல்லாச் சத்தத்தையும் கேட்டுக் கேட்டு வாயே திறக்காமல் இருந்தது.

ஆன்லினுக்கு முகம் வாடிவிட்டது. சித்ரலேகா தன் போனில் டிஷ்ஷின் அமைப்பைத் திறந்தாள். "இந்த அலைவரிசையில நான் ரொம்ப அகலமா இடம் எடுத்துக்கிட்டிருக்கேன். பாதிய விட்டுத் தாரேன். அந்தப் பாதியில நீ தாராளமாப் பேசு."

"உங்க வேகம் குறையுமேக்கா?"

"படம் கொஞ்சம் மங்கும். அதனால என்ன? அனுராதா அனுராதாவாத்தான தெரிவா?"

சித்ரலேகா தன் பக்கத்து அமைப்பைச் சுருக்கினாள். ஆன்லின் பெட்டியைக் காலியான பாதிக்கு மாற்றினாள். திரையும் ஓடியது, போனும் ஓடியது. இருவரும் சிறுபிள்ளைகள் போல ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குதித்தார்கள்.

மாலையில் திடலில் இடமில்லை. கோயில் சுவர் மேலெல்லாம் ஆட்கள். கடைசி ரெய்டின்போது இரு அணியும் சமம். அனுராதா எதிர்க்களத்துக்குள் பாடிப்போனாள். ஒருத்தியைத் தொட்டாள். திரும்புவதற்குள் மூன்று பேர் அவள் காலைப் பிடித்து இழுத்தார்கள். குப்புற விழுந்தவள் கையை நீட்டினாள். விரல்நுனி நடுக்கோட்டில் பட்டது.

திடல் எழுந்து கத்தியது. நையாண்டி மேளம் முழங்கியது. இரைச்சலுக்கு நடுவே நீலாம்பாளின் போன் ஒலித்தது. போன் முழுக்க வியர்வையும் சிரிப்புமாக மகளின் முகம்; படம் கொஞ்சம்கூட நிற்கவில்லை.

"அம்மா, பாத்தியா?"

"பாத்தேன்டி! ஊரே பாத்துச்சு!" நீலாம்பாள் போனை உயர்த்தி ஊரை மகளுக்குக் காட்டினாள்.

பெண்கள் குலவை போட்டார்கள். இரண்டு பேர் வந்து சித்ரலேகாவையும் ஆன்லினையும் வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள். "எனக்குக் குலவை போடத் தெரியாதுக்கா" என்றாள் ஆன்லின்.

"நாக்கச் சுழட்டு, வந்துரும்" என்றாள் சித்ரலேகா.

அவள் மூச்சிழுத்து முயன்றாள். விசில் போல ஏதோ ஒன்று வந்தது. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்க, அவளும் சிரித்துக்கொண்டே மறுபடி மூச்சிழுத்தாள்.