எண்ணூற்று மூன்றாம் வீட்டு விளையாட்டறை

தென்கொரியாவின் குன்சானில் மீன்பிடித் துறைக்குப் பின்னால் இருக்கும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில், எண்ணூற்று மூன்றாம் வீட்டில் குழந்தைகள் கிடையாது. அவர்கள் ஓடி விளையாடும் சத்தம் மட்டும் நேர் கீழே இருக்கும் எழுநூற்று மூன்றாம் வீட்டில் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு இப்போது வயது பத்தைத் தொடுகிறது. எங்கள் குடியிருப்பில் இதைப் பற்றி யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை. கிம்ச்சி ஊறுகாய் போடும் பருவத்தில் முட்டைக்கோஸ் என்ன விலை விற்கிறது என்று பேசிக்கொண்டே, மேல் வீட்டுப் பிள்ளைகள் நேற்று ரொம்ப ஆட்டம் போட்டார்களாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார்கள். இதனால் தூக்கம் கெட்டவர்கள் உண்டு, வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. வயிறெரிந்தது ஒருத்திக்குத்தான். யாங் ஹே-ரியோங் என்கிற எண்ணூற்று மூன்றின் வீட்டுக்காரிதான் அவள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கணவன் தோ கி-ஹ்வானுக்குத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுது பார்க்கும் வேலை. கல்யாணமாகி எட்டு வருடம் ஊசியும் மாத்திரையுமாக ஆஸ்பத்திரிக்கு அலைந்த பிறகு வயிற்றில் இரட்டையாகத் தங்கியது. வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. பெயர்தான் விருந்தாளி அறை. கட்டிலில் இஸ்திரி போட வேண்டிய துணி குவிந்து கிடக்கும், வாங்கி ஒரு வாரம் மட்டும் நடந்த நடைப்பயிற்சி இயந்திரத்தில் ஈரத் துண்டு காயும். வருகிற ஒரே விருந்தாளி மாமியார். அவரும் கட்டில் முதுகுக்கு ஆகாது என்று தரையில் படுத்துக்கொள்வார். ஐந்தாம் மாதம் முடிவதற்குள் கி-ஹ்வான் அந்தக் கட்டிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சுவர்த்தாளைக் கிழித்து மஞ்சள் தாள் ஒட்டினான். கை தடிமனுக்கு மெத்தென்ற விரிப்புகளைச் சுவரோடு சுவராக வெட்டிப் பொருத்தினான். சறுக்குமரம் ஒன்று வந்தது, உள்ளே பந்துகள் கொட்டிய துணிக் கூடாரம் ஒன்று வந்தது. வயிற்றில் இருக்கும்போதே ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவது வழக்கம் என்பதால், ஸ்கேன் படத்தில் பயறு போல் தெரிந்ததற்குப் பயறு என்கிற பொருளில் கோங்கி என்றும், இரவானால் உதைக்கிறதற்கு இரவு என்கிற பொருளில் பாமி என்றும் வைத்தார்கள்.

மாடிக் குடியிருப்பில் பிள்ளை ஓடினால் கீழ்வீட்டுக்காரருக்கு இடி. இதற்காகப் பேச்சு முற்றிப் போலீஸ் வரை போன வீடுகள் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே பழப்பெட்டியோடு கீழே போய், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று குனிந்துவிட்டு வருவார்கள். ஆனால் பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகுதான் போவார்கள். ஹே-ரியோங்குக்குப் பொறுக்கவில்லை. வயிறு முன்னால் போக, ஒரு பெட்டி ஆரஞ்சைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் மாதத்திலேயே இறங்கிப் போனாள். கீழ்வீட்டுக்காரி மா போங்-சுன், சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருக்கும் விதவை. வாய் கொஞ்சம் நீளம். கதவைத் திறந்து வயிற்றையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள மன்னிப்பா? நல்ல கூத்தும்மா, எண்ணூத்தி மூணு! புள்ளைங்க ஓடாம பொணமா ஓடும்? ஓடட்டும் ஓடட்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.”

ஆறாம் மாதத்தில் இரண்டும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் காதும் காதும் வைத்தாற்போல் எல்லாம் முடிந்தது. திரும்பி வந்தவளுக்கு மாமியார் கடற்பாசிச் சாறு காய்ச்சிக் கொடுத்தார், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற அதே சாறு. அவள் கிண்ணத்தைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். கீழே போய் விஷயத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. போங்-சுன் விடியும்முன் சந்தைக்குப் போகிறவள், ஹே-ரியோங் கடை அடைத்து வருகிறவள், மின்தூக்கியில்கூட இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. அறையைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று கி-ஹ்வான் இரண்டு தடவை கேட்டான். மூன்றாவது தடவை கேட்டால் உங்களையும் கழற்றி வெளியே வைப்பேன் என்றாள். கதவு சாத்தியே கிடந்தது.

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கீழே தவழும் சத்தம் கேட்டது. போங்-சுன் ஆரஞ்சு தின்ற வாய்க்கு மரியாதை கொடுத்துப் பேசாமல் இருந்தாள். தவழ்ந்தது நடந்தது, நடந்தது ஓடியது. மாலையில் தொடங்கினால் படுக்கும்வரை ஓயாது, ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க. அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மூன்று வருடம் பொறுத்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூரையிலிருந்து விளக்குக் குமிழ் அசைந்து கழன்று கோழிக் குழம்பில் விழுந்தபோது, முறைப்படி காவலாளியைக் கூப்பிட்டாள். அவர் உள்தொலைபேசியில் எண்ணூற்று மூன்றை அழைத்து, குழந்தைகளுக்குக் காலில் மெத்தைச் செருப்பு போட்டுவிடச் சொல்கிறார்கள் என்று பணிவாகச் சொன்னார்.

ஹே-ரியோங் படியிலேயே இறங்கினாள், மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை. பிறக்காமலே போன பிள்ளைகளுக்குச் செருப்பா, மனிதர்கள் இவ்வளவு குரூரமாக இருக்க முடியுமா என்று கத்தினாள். போங்-சுன் முதலில் பதிலுக்குக் கத்தினாள். பிறகு விஷயம் புரிந்து செருப்பு வைக்கும் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான் எதுக்கும்மா பொய் சொல்லப்போறேன்? ரெண்டு பேரு. ஒண்ணு குதிகாலை ஊனி ஊனி திம்முதிம்முன்னு ஓடும். இன்னொண்ணு நுனிக்கால். அது பின்னாடியேதான் போகும். சறுக்குமரத்துக்கு அடிச்சுக்கும் ரெண்டும். எப்பவும் நுனிக்கால்தான் விட்டுக்கொடுக்கும்.”

கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் அந்த அறைக்குக் கீழே நிறுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. அடுப்பில் குழம்பு ஆறிப்போகும்வரை இரண்டு பெண்களும் அண்ணாந்து நின்றார்கள். ஹே-ரியோங் திரும்பிப் போய் மேலே கதவைச் சாத்தியதும் தடதடவென்று தொடங்கிவிட்டது. அடுத்த வாரங்களில் எல்லா வழியிலும் பார்த்தாகிவிட்டது. அவள் மேலே இருந்தால் கீழே கேட்கும், அவளுக்குக் கேட்காது. அவள் படி இறங்கினால் நின்றுவிடும். அம்மா வீட்டில் இல்லாத பிள்ளைகள் அடங்கிக் கிடக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார் காவலாளி. குடியிருப்போர் சங்கத் தலைவர் நேரில் வந்து கேட்டுவிட்டு, இதைச் சாதாரண மாடிச் சத்தமாகவே எடுத்துக்கொள்வது என்றும், இன்னும் தடித்த விரிப்பு போடச் சொல்வது என்றும் கூட்டத்தில் முடிவெடுத்தார். பூசாரிச்சியை வைத்துச் சடங்கு செய்து அனுப்பிவிடலாம் என்றார் மாமியார். அனுப்புவதற்கு அவர்கள் என்ன வாடகைக்கா வந்தார்கள் என்று ஹே-ரியோங் கேட்ட பிறகு அவர் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

கி-ஹ்வானுக்குக் கேட்டது. முதல் நாள் கீழே போய்விட்டு முகமெல்லாம் நனைந்து வந்து ஒன்றுவிடாமல் சொன்னான். அவளும் ஒன்றுவிடாமல் கேட்டாள். கைபேசியில் பிடித்துக்கொண்டு வந்தான், அவளுக்குப் போட்டுக் காட்டினால் அதில் அவன் மூச்சு மட்டும்தான் இருந்தது. பிறகு தினமும் வேலை முடிந்ததும் முதலில் எழுநூற்று மூன்றுக்குப் போனான், போங்-சுன் வீட்டில் ஒரு கிண்ணம் சோறும் தின்றான். இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று மேலே விரிப்புகளையெல்லாம் உரித்தெடுத்தான். உருட்டுவண்டி வாங்கி வந்து அறையில் வைப்பான், அது உருளும் சத்தம் கேட்கக் கீழே ஓடுவான். மேலே அந்த வண்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். வெறும் தரையில், குளிருக்காக அடியில் குழாயில் ஓடும் சுடுநீரின் வெதுவெதுப்பில், ஹே-ரியோங் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவளைக் கோங்கி அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பிள்ளை பெற்றவளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்களிடம் இல்லை. எட்டு வருடம் அவள் ஏங்கிய அழைப்பு அது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் முகத்தில் அறைந்தது போல் இருந்தது.

பிள்ளைகள் ஓட வேண்டுமானால் அவள் வீட்டில் இருக்க வேண்டும். இதை யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவள் கடைக்குக் கிளம்பினால் கி-ஹ்வான் முகம் தொங்கும். அவளே கண்ணாடிக் கடை வேலையை விட்டாள். ஒரு வேளை எல்லாரும் கூடிப் பேசிக் கதை கட்டுகிறார்களோ என்று சில மாலைகளில் தோன்றும். தன்மேல் இரக்கப்பட்டு ஒரு குடியிருப்பே பொய் சொல்கிறதோ என்று நினைப்பாள். அப்படி நினைத்தால் இன்னும் மோசமாக இருந்தது, அதனால் நம்பினாள். போங்-சுன் முழங்கால் தேய்ந்து மகள் வீட்டோடு போனபோது, எழுநூற்று மூன்றை வாடகைக்கு எடுத்தது கி-ஹ்வான்தான். பெட்டியோடு இறங்கிப் போகும்போது, பிள்ளைகள் பக்கத்திலே ஒருத்தராவது இருக்க வேண்டாமா என்றான். விவாகரத்து என்றெல்லாம் ஒன்றுமில்லை. அவள் சமைத்ததை வாசலில் வைப்பாள், அவன் கழுவிய பாத்திரத்தைக் கொண்டுவந்து வைப்பான். அவனுக்கு அப்பாவாக இருக்கக் கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது வீட்டுக்காவல். பூசி மெழுகாமல் சொன்னால் அதுதான்.

போன வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செர்ரிப் பூ பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பேருந்து ஏறுவதை மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். எங்கே போகிறாய் என்று அவன் கேட்க வழியில்லாமல் பின்வாசலால் போனாள். கடற்கரை வரை போகும் பேருந்தில் ஏறிக் கடைசிவரை போனாள். கத்தியால் வெட்டிச் சூடாகப் போட்ட மாவு நூடுல்சைச் சிப்பிக் கறியோடு தின்றாள். யாரோ ஒருத்தி வழி கேட்டாள், கோங்கி அம்மா என்று கூப்பிடாமல் வெறுமனே வழி கேட்டாள். அதற்கே கண் கலங்கியது. பேருந்து நிலையத்துப் பலகையில் வேறு ஊர்ப் பெயர்களை ரொம்ப நேரம் படித்தாள். திரும்பிப் போகவே கூடாது என்று உண்மையாகவே முடிவு செய்திருந்தாள். ஏன் திரும்பினாள் என்று பிறகு கேட்டவர்களிடம், வெளிச்சம் குறைந்ததும் கால் தானாகத் திரும்பி வந்துவிட்டது என்றாள்.

கதவைத் திறந்து, பழக்கத்தில், வந்துட்டேன் என்று காலி வீட்டுக்குச் சொல்லிவிட்டு ஒரு செருப்பைக் கழற்றியபோது உள்தொலைபேசி அடித்தது. கீழேயிருந்து கி-ஹ்வான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் குரல் ஒரேயடியாக அடங்கியிருந்தது.

“காலையிலேருந்து ரெண்டும் வாசலுக்கும் ரூமுக்குமா நடந்துட்டு இருந்துச்சுங்க. ஓடல. நடந்துச்சுங்க. நீ இல்லாதப்ப இதுவரைக்கும் கேட்டதில்ல. இப்ப நீ வந்ததும் ஓடி வந்து நின்னுடுச்சுங்க. நீ நிக்கிற எடத்துலதான். அசையாத.”

அவள் அசையவில்லை. எந்தப் பக்கம் யார் என்று கேட்டாள். வலது பக்கம் கோங்கி என்றான், நுனிக்கால் இடது பக்கம். எவ்வளவு உயரம் இருப்பார்கள் என்று கேட்டாள்.

“காலடிச் சத்தத்துல உயரம் எப்படிம்மா தெரியும்?”

ஒரு காலில் செருப்போடு, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவள் இரண்டு கைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக நீட்டினாள். முதலில் இடுப்பு உயரத்தில் வைத்தாள், பிறகு இத்தனை வருடத்தில் வளர்ந்திருப்பார்கள் என்று கொஞ்சம் உயர்த்தினாள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. போய்விட்டார்கள் என்று அவன் சொல்லும்வரை அப்படியே வைத்திருந்தாள். பிறகு இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு, அரிசி களையப் போனாள்.